பழைய எஞ்சினா, புதிய எஞ்சினா? – நடுவர் தீர்ப்பு

(கரையான்சாவடியில், ‘லோடு வண்டிக்கு நம்பகமானது பழைய டீசல் எஞ்சினே! புதிய டீசல் எஞ்சினே!’ என்ற தலைப்பில் நடந்த பட்டிமன்றத்தில் நடுவர் ஆற்றிய நிறைவுரை)

வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்திருக்கும் ஓட்டுநர் அண்ணன்மார்களே, சோப்பு போட்டுக் கழுவியும் நகக்கண்ணில் கறுப்பு போகாத கையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக் தம்பிகளே!

இந்தப் பக்கம் மூணு பேர், அந்தப் பக்கம் மூணு பேர். ரெண்டு மணி நேரமா எஞ்சினைப் போட்டு ஓட்டு ஓட்டுன்னு ஓட்டிட்டாங்க. இப்போ நான் வந்து ஆஃப் பண்ணணும். (சிரிப்பு) ‘தமிழ் வாத்தியாருக்கும் டீசல் எஞ்சினுக்கும் என்னய்யா சம்பந்தம்?’ என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கு. தலைப்பிலே ‘நம்பகம்’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அங்கேதான் எனக்கு வேலை. எஞ்சினை மெக்கானிக் பார்த்துக்கொள்வார். சொல்லை நான் பார்க்கிறேன்.

ஊரும் தலைப்புக்கு ஏற்ற ஊர். சாவடி என்றால் வழிப்போக்கர் இளைப்பாறும் இடம். கரையான்சாவடி, பக்கத்திலேயே குமணன்சாவடி. பேரைப் பார்த்தாலே தெரியும், இது பாதையில் பிறந்த ஊர். இன்றைக்கும் அப்படித்தான். இப்படிப் போனால் ஆவடி, அப்படிப் போனால் போரூர், நேரே போனால் பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர்ச் சாலை. தலைக்கு மேலே மெட்ரோ பாலம். தரையிலே லோடு வண்டி. நம்ம ஊர்ல அதுல எத்தனை வகை! குட்டியானை, தோஸ்த், பொலேரோ பிக்கப், நானூத்தி ஏழு. இத்தனை பேர் இருந்தும் வீட்ல கூப்பிடறது ஒரே பேரு. என்னது? ‘டெம்போ வந்துடுச்சா?’ (சிரிப்பு)

இந்த வண்டிகளை லேசாக நினைக்காதீர்கள். 1996-ல் கோயம்பேடு சந்தை திறந்ததிலிருந்து, விடிவதற்கு முன்னால் கீரையும் பூவும் கத்தரிக்காயும் இந்த வழியாகத்தான் நகரத்துக்குள் போகின்றன. 2020 மே மாதம், கொரோனா காலத்தில், காய்கறிச் சந்தையைக் கொஞ்ச நாள் நம்ம பக்கத்து ஊர் திருமழிசைக்கே மாற்றினார்கள். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது. அப்போது உங்கள் வீட்டுச் சாம்பாருக்குள்ளே முருங்கைக்காயைக் கொண்டுவந்து போட்டது யார்? இந்த வண்டிகளை ஓட்டியவர்கள்தான். (கைதட்டல்) அதனால் இது இரும்பைப் பற்றிய பட்டிமன்றம் இல்லை. அடுப்பைப் பற்றிய பட்டிமன்றம்.

சரி, வழக்குக்கு வருவோம். முதலில் எது பழசு, எது புதுசு என்று தெரிய வேண்டாமா? டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897-ல் தன் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். தத்துவம் எளிமையானது. காற்றை இருபதில் ஒரு பங்காக அழுத்திப் பிழிந்தால் அது தானே கொதிக்கும். அந்தக் கொதிக்கிற காற்றில் டீசலைப் பீய்ச்சினால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். சில வீட்ல மாமியாரும் மருமகளும் மாதிரி. நெருக்கமா வெச்சாலே போதும், பத்திக்கும். (சிரிப்பு)

அன்றைக்கும் இதே தத்துவம்தான், இன்றைக்கும் இதே தத்துவம்தான். மாறியது என்ன? டீசலைப் பீய்ச்சுகிற முறை. பழைய எஞ்சினில் ஒரு பம்பு. அது எஞ்சினோடு சேர்ந்து சுற்றும். உள்ளே பல்சக்கரம், ஸ்பிரிங், பிளஞ்சர். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இரும்பு. நம் செம்பியத்து சிம்சன் கம்பெனி 1950-களில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செய்தது. 1951-ல் பெங்களூரில் தொடங்கிய மைகோ கம்பெனியின் பம்பும் நாசிலும் நாடு முழுக்கப் பரவின. ‘பம்பு நாசில் சர்வீஸ்’ என்று போர்டு இல்லாத லாரி ஊர் உண்டா? 1986-ல் டாடா 407 வந்தது. 1988-ல் டாடா மொபைல் பிக்கப் வந்தது. 2005-ல் குட்டியானை வந்தது. ரெண்டு சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத் திறன், டர்போ கிடையாது. இவை எல்லாம் வரும்போது ஒரே குலம். பம்புக் குலம்.

அதற்குப் பிறகு வந்தது காமன் ரெயில் குலம். 2011-ல் ஓசூரிலிருந்து தோஸ்த் வந்தது. பொலேரோ பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய டி.ஐ. எஞ்சினும் 2,523 சி.சி.தான், இப்போதைய எஞ்சினும் 2,523 சி.சி.தான். வயிறு அதே அளவு. ஊட்டுகிற கைதான் வேறு. அந்தக் காலத்தில் பாட்டி கையால் உருட்டிக் கொடுத்தாள். இப்போது ஒரு கம்ப்யூட்டர், ‘இந்த நொடி இவ்வளவு, அடுத்த நொடி அவ்வளவு’ என்று மருந்து அளவில் அளந்து ஊட்டுகிறது. அரசு சட்டம் போட்டு இதை வேகப்படுத்தியது. 2010-ல் சென்னை போன்ற பெரிய நகரங்களுக்கு பி.எஸ்.4 விதி, 2017 ஏப்ரலில் நாடு முழுதும் அதே விதி, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6. இதுதான் பழசுக்கும் புதுசுக்கும் நடுவே ஓடும் கோடு.

இப்போது வாதங்கள். பழைய எஞ்சின் அணித் தலைவர் அய்யா வெகு அழகாகப் பேசினார். ‘என் எஞ்சின் வழியில நின்னா, நான் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்குவேன். டீசல்ல காத்து புகுந்துடுச்சா? நட்டைத் தளர்த்தி, கைப்பம்பை நாலு அடி அடிச்சு, நுரை போயி டீசல் வந்ததும் முடுக்கினா கிளம்பிடும். பேட்டரி போச்சா? நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னா கிளம்பிடும். ஒருதரம் கிளம்பிட்டா அதுக்குக் கரண்ட்டே வேண்டாம்’ என்றார். முழுக்க உண்மை. புது வண்டியை ஊரே சேர்ந்து தள்ளினாலும் கம்ப்யூட்டருக்குப் போதிய கரண்ட் இல்லையென்றால் அது அசையாது. தள்ளினவங்களுக்குத்தான் மூச்சு வாங்கும். (சிரிப்பு)

அந்த அணியின் தங்கை ஒரு படி மேலே போனார். ‘பழைய எஞ்சின் நோய் வந்தா வாயால சொல்லும். புது எஞ்சின் ஒரு விளக்கை மட்டும் எரிச்சுட்டு ஊமையாயிடும்’ என்றார். இதுவும் உண்மைதான். பழைய எஞ்சினின் புகையைப் பார்த்தே மருத்துவம் செய்தார்கள். கறுப்புப் புகை வந்தால் டீசல் அதிகம் போகிறது, அல்லது காற்று ஃபில்ட்டர் அடைத்திருக்கிறது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, ரிங் தேய்ந்துவிட்டது. வெள்ளைப் புகை வந்தால் டீசல் சரியாகப் பற்றவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. சித்த வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி நம் மெக்கானிக்குகள் புகை பார்த்தார்கள். காதை வைத்தே ‘மூணாவது நாசில் அடிக்கிது’ என்று சொன்னார்கள். அந்த ஞானத்துக்கு இந்த மேடையில் ஒரு கும்பிடு. (கைதட்டல்)

அவர்கள் சொன்ன இன்னொரு செய்தி, 2015 டிசம்பர் வெள்ளம். வண்டி நீரில் மூழ்கினால் பழைய எஞ்சினைக் கழற்றி, கழுவி, ஆயில் மாற்றிப் பெரும்பாலும் எழுப்பிவிடலாம். புதிய வண்டியில் தண்ணீர் கம்ப்யூட்டருக்குள்ளும் வயர் இணைப்புகளுக்குள்ளும் போனால் செலவு கழுத்தைப் பிடிக்கும். சரிதான். ஆனால் ஒன்று, தண்ணீருக்குள் ஓட்டிப் போய் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் கனெக்டிங் ராடு வளையும். அதில் பழசு, புதுசு என்று தண்ணீர் சாதி பார்க்காது.

இனி இந்த அணி சொல்லாமல் விட்டதை நான் சொல்ல வேண்டும். ‘இருபத்தஞ்சு வருஷமா ஓடுற நானூத்தி ஏழைப் பாருங்க’ என்று காட்டினார்கள். ஓடுகிற வண்டியைக் காட்டினீர்கள். ஓடாமல் போன வண்டியை எப்படிக் காட்டுவது? அது புதுப்பேட்டையில் துண்டு துண்டாகி எப்போதோ எடைக்குப் போய்விட்டது. ஒரு ஊரில் தொண்ணூறு வயது தாத்தா ஒருவர் சுருட்டுப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ‘பாருங்க, சுருட்டு உடம்புக்கு நல்லது’ என்றான் ஒருத்தன். அவரோடு சுருட்டுப் பிடித்த மற்றவர்கள் எங்கே என்று கேட்டால், சுடுகாட்டுப் பக்கம் கை காட்டணும். (சிரிப்பு) மிச்சம் இருப்பதை வைத்து மொத்தத்தை எடை போடக்கூடாது.

அந்தக் காலத்தில் எஞ்சின் இறக்குவது என்பது வீட்டு விசேஷம் மாதிரி, அப்பப்போ வரும். ரிங் மாற்று, போர் போடு, ஹெட் கேஸ்கெட் மாற்று, பம்பு காலிபரேஷன் செய். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில். இன்றைய எஞ்சினில் ஆயில் மாற்றும் இடைவெளியே பத்தாயிரத்துக்கும் மேலே போய்விட்டது. சிலிண்டர் வேலை நேர்த்தி, உலோகம் உயர்வு, அளந்த டீசல். சரியாகப் பராமரித்தால் லட்சக்கணக்கான கிலோமீட்டருக்கு அந்த எஞ்சினின் ஹெட்டைத் திறக்க வேண்டிய தேவையே வராது. பழைய வண்டிக்காரர் மெக்கானிக்குக்கு உறவினர் ஆனதே, அடிக்கடி போனதால்தானே! (சிரிப்பு)

புதிய எஞ்சின் அணிக்கு வருவோம். அந்த அணித் தம்பி கணக்கோடு வந்தார். பழைய நாசில் 150, 200, 250 பார் அழுத்தத்தில் திறந்தது. காமன் ரெயிலில் 1,600 பாரும் அதற்கு மேலும். நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம் ஒரு பார். அதைப்போல் 1,600 மடங்கு! டீசல் துளி துளியாக இல்லை, பனியாக இறங்குகிறது. முழுசாக எரிகிறது. அதனால் அதே அளவு எஞ்சினில் இழுவை அதிகம், புகை குறைவு, சத்தம் குறைவு. ‘நைட்டு ரெண்டு மணிக்கு என் வண்டியை எடுத்தா தெருவுல நாய்கூட எழுந்திருக்காது’ என்றார். (சிரிப்பு)

ஆனால் தம்பி, அந்த 1,600 பாருக்குள்ளேதான் உங்கள் ஆபத்தும் இருக்கிறது. அந்த இன்ஜெக்டரின் துளை ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. உள்ளே இருக்கும் பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி கண்ணுக்கே தெரியாது. அதில் ஒரு பொட்டுத் தூசி, ஒரு சொட்டுத் தண்ணீர், கொஞ்சம் மண்ணெண்ணெய்க் கலப்படம் போதும், கதை முடிந்தது. பழைய எஞ்சின் எதைப் போட்டாலும் இருமிக்கொண்டே செரித்தது. கூழும் குடிக்கும், பழையதும் சாப்பிடும். புது எஞ்சின் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்தான் குடிக்கும். நான்கு இன்ஜெக்டரும் ஒன்றாய்ப் போனால் அந்த மாதம் தவணை கட்ட முடியாது.

பி.எஸ்.6 வந்த பிறகு இன்னும் இரண்டு விருந்தாளிகள். ஒன்று, புகைக்கரி ஃபில்ட்டர். சைலன்சர் வழியில் உட்கார்ந்து கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்த கரியை 600 டிகிரி அளவு சூட்டில் எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். ஆனால் அந்தச் சூடு வர வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். நம்ம ஆள் என்ன செய்கிறார்? கரையான்சாவடியில் ஏற்றி குமணன்சாவடியில் இறக்குகிறார். (சிரிப்பு) எஞ்சின் சூடாகிறதுக்குள்ள வீடு வந்துடுது. ஃபில்ட்டர் அடைக்கும், விளக்கு எரியும், வண்டி நொண்டும். இன்னொன்று, சில மாடல்களில் ஊற்றும் யூரியாக் கரைசல். 32.5 சதவீதம் யூரியா, மிச்சம் தாது உப்பு நீக்கிய சுத்தமான நீர். அது தீர்ந்தால் வண்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சில வண்டி அணைத்தால் மறுபடி கிளம்பாது. வயலுக்குப் போடுகிற யூரியாவைக் குழாய்த் தண்ணியில கரைச்சு ஊத்தினா என்ன ஆகும்? நெல்லும் விளையாது, வண்டியும் ஓடாது. (சிரிப்பு)

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ரெண்டு அணியும் ஏன் ரெண்டு மணி நேரம் மோதிக்கொண்டார்கள் தெரியுமா? ‘நம்பகம்’ என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளில் எடுத்துக்கொண்டார்கள். புதிய அணிக்கு நம்பகம் என்றால் ‘பழுதாகாதது’. பழைய அணிக்கு நம்பகம் என்றால் ‘பழுதானாலும் கைவிடாதது’. இரண்டும் ஒன்று இல்லை. நோயே வராத உடம்பு ஒன்று. நோய் வந்தாலும் தெருமுனை டாக்டரே தீர்த்துவிடுகிற உடம்பு இன்னொன்று. எது வேண்டும் என்றால் நாம் என்ன சொல்வோம்? ரெண்டும் வேணும்போம். (சிரிப்பு)

இதை மேடையில் தீர்க்க முடியாது. வண்டிக்காரர் வீட்டில்தான் தீர்க்க வேண்டும். அந்த வீட்டு அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து முன்பணம் கட்டியிருக்கிறார். மாசம் பிறந்தால் தவணை. ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். நாலு மணிக்குப் பூ சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆறு மணிக்குப் போனால் மல்லிப்பூ பூவாக இருக்கும், விலை விலையாக இருக்காது. அந்த அம்மாவிடம் கேட்டால் மூன்று கேள்வி கேட்பார். எத்தனை தடவை நிக்கும்? நின்னா யார் எழுப்புவாங்க? எழுப்ப எவ்வளவு ஆகும்? முதல் கேள்வியில் புதிய எஞ்சினுக்கு வெற்றி. அடுத்த ரெண்டு கேள்வியிலும் பழைய எஞ்சினுக்கு வெற்றி.

அப்படியானால் ரெண்டுக்கு ஒன்று, பழசுக்கே தீர்ப்பா? அவசரப்படாதீங்க. ஆறு பேரும் விரிவாகத் தொடாத நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த வண்டி ஓடுவதால் யாருக்கு நோவு?

2012-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலை இருக்கிற அதே பிரிவு. கனமான பிக்கப் வகைக்கு பி.எஸ்.4 விதியில் ஒரு கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராம் கரித்துகள் விடலாம். பி.எஸ்.6-ல் 4.5 மில்லிகிராம்தான். பதின்மூன்றில் ஒரு பங்கு! டீசலில் இருந்த கந்தகமும் அப்படித்தான். 1990-களில் பத்து லட்சம் பங்கில் பத்தாயிரம் பங்கு வரை இருந்தது, இப்போது பத்துப் பங்கு. ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது. இந்தப் பூந்தமல்லிச் சாலையில் பஸ்ஸுக்கு நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளையின் மூக்கு, லோடு வண்டியின் சைலன்சருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய எஞ்சின் மலிவாக ஓடியது உண்மை. அதன் செலவில் ஒரு பங்கை ஓட்டியவர் கட்டவில்லை. அந்தப் பிள்ளையின் நுரையீரல் கட்டியது. ஓட்டுநரும் கட்டினார். பகலெல்லாம் அந்தப் புகையில் உட்கார்ந்தவர் அவர்தானே! (பலத்த கைதட்டல்)

அதனால், ‘ஃபில்ட்டர் அடைக்குது, கழற்றி எறிஞ்சுட்டா வண்டி பறக்கும்’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது சட்டத்துக்கும் விரோதம், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் விரோதம். புது எஞ்சினை வாங்கிப் பழைய புகையை விடுவது, குளித்துவிட்டு அழுக்கு வேட்டி கட்டுவது போல.

இன்னொரு நியாயமும் சொல்ல வேண்டும். இரண்டு எஞ்சினுக்கும் பொது எதிரி ஒன்று உண்டு. அதிக லோடு. திருக்குறளில் வலியறிதல் அதிகாரத்தில், மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றி வள்ளுவர் பேசுகிறார். மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் அச்சு தாங்காது என்பது அவர் கருத்து. நாம் ஏற்றுவது மயிலிறகா? செங்கல், ஜல்லி, சிமெண்ட்! குட்டியானைக்கு அறிவித்த சுமை முக்கால் டன். அதன் மேல் ரெண்டு மடங்கு ஏற்றிவிட்டு, ‘எஞ்சின் நம்பகம் இல்லே’ என்று சொன்னால், எஞ்சினுக்கு வாய் இருந்தால் அது நம்மைப் பற்றி என்ன சொல்லும்? குட்டியானைன்னு பேர் வெச்சா யானைச் சுமை ஏத்தணும்னு அர்த்தமா? அது குட்டிய்யா! (சிரிப்பு, கைதட்டல்)

ஆக, எஞ்சின் என்ற பொருளாகப் பார்த்தால் புதியதே மேல். குறைவாக நிற்கிறது, குறைவாகக் குடிக்கிறது, குறைவாகக் கொல்கிறது. ஆனால் நின்றால் எழுப்புவது யார் என்ற கேள்வி இருக்கிறதே, அது எஞ்சினின் குற்றம் இல்லை. அது பூட்டின் குற்றம். ஒரு ஸ்கேனரை மாட்டினால் அந்த எஞ்சின் கடகடவென்று பேசும். எந்த சென்சார், எந்த இன்ஜெக்டர், எத்தனை மணிக்கு மயக்கம் வந்தது என்று எல்லாம் சொல்லும். ஊமை இல்லை அது. அதன் மொழி வேறு. அந்த மொழியைத் தெருமுனை மெக்கானிக்குக்குச் சொல்லித் தராமல் சில கதவுகளுக்குள்ளேயே வைத்துக்கொண்டதுதான் சிக்கல். காதால் நோய் கண்டவனுக்கு ஸ்கேனரால் நோய் காணத் தெரியாதா? கொடுத்துப் பாருங்கள்!

இது நான் மேடைக்காகச் சொல்வது இல்லை. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநில மக்கள் 2012-ல் ஓட்டுப் போட்டே, வண்டியின் பழுது நீக்கும் விவரங்களை வெளி மெக்கானிக்குகளுக்கும் தர வேண்டும் என்று முடிவு செய்தார்கள். நம் நாட்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக ஒரு குழு அமைத்தது, கவனித்த துறைகளில் வாகனமும் ஒன்று. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென்று ஓர் இணையதளமும் தொடங்கியது. கதவு திறக்கத் தொடங்கியிருக்கிறது. முழுக்கத் திறக்க வேண்டும். ஐ.டி.ஐ.களில் மெக்கானிக் டீசல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஸ்பேனரோடு ஸ்கேனரும் கையில் பழக வேண்டும். முன்வரிசைத் தம்பிகளே, உங்களுக்கும் சொல்கிறேன். ‘எங்களுக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்’ என்று ஒதுங்காதீர்கள். எழுத்தாணி பிடித்த கை பேனா பிடிக்கவில்லையா? அறிவு அதேதான், கருவிதான் மாறும்.

புது வண்டி வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை. டீசல் ஃபில்ட்டரில் சேரும் தண்ணீரைத் தவறாமல் வடித்துவிடுங்கள். நம்பிக்கையான ஒரே பங்க்கில் டீசல் போடுங்கள். கம்பெனி சொன்ன வகை ஆயிலையே ஊற்றுங்கள். அது கரி ஃபில்ட்டருக்காகவே குறைந்த சாம்பலோடு செய்தது. தூரம் ஓடி வந்ததும் டக்கென்று அணைக்காமல் டர்போ ஆற ஒரு நிமிஷம் கொடுங்கள். பக்கத்துப் பக்கத்துல ஓடுற வண்டியா இருந்தா, வாரத்துக்கு ஒரு தடவை பெங்களூர்ச் சாலையில நல்லா ஓட விடுங்க. மனுஷனுக்கு நடைப்பயிற்சி மாதிரி. பழைய வண்டி வைத்திருப்பவர்களே, உங்களை இன்றே விற்கச் சொல்லவில்லை. அந்த வண்டி உங்கள் பிள்ளையைப் படிக்க வைத்த வண்டி. அதன் புகையைப் பாருங்கள். கறுப்பாக வந்தால் ‘இது எப்பவும் இப்படித்தான்’ என்று விடாமல் பம்பையும் நாசிலையும் சரி பாருங்கள். அடுத்த வண்டி வாங்கும் நாள் வரும்போது புகைக்குப் பயந்து பழசை விடுங்கள். ஸ்கேனருக்குப் பயந்து புதுசை விடாதீர்கள்.

இரு அணியும் சொன்னதை எண்ணிப் பார்த்து நான் சொல்லும் தீர்ப்பு இதுதான். பழைய எஞ்சின் நம் தவறுகளைப் பொறுத்துக்கொண்டது. அதை நாம் அதன் பலம் என்று நினைத்தோம். புதிய எஞ்சின் தவறைப் பொறுக்காது. ஆனால் கேட்டதைக் கொடுத்தால் சொன்ன சொல் காப்பாற்றும். சுமைக்கும் தூரத்துக்கும், ஓட்டுபவர் உடம்புக்கும், ஓரத்தில் நிற்கும் பிள்ளையின் மூச்சுக்கும் சேர்த்துப் பார்த்தால், லோடு வண்டிக்கு நம்பகமானது புதிய டீசல் எஞ்சினே! (கைதட்டல்) இருங்க, கைதட்டலைப் பாதியில் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தத் தீர்ப்போடு ஒரு நிபந்தனையும் உண்டு. அந்த எஞ்சினின் சாவியை அதை வாங்கினவர் கையில் கொடுத்தவர்கள், அதன் பழுது நீக்கும் விவரத்தை இந்த ஊர் மெக்கானிக் கையிலும் கொடுக்க வேண்டும். அது வருகிற வரைக்கும் பழைய எஞ்சின் அணி தோற்றதாக நான் எழுத மாட்டேன். அவர்கள் வழக்கு பாக்கி இருக்கிறது என்றுதான் எழுதுவேன்.

ரெண்டு மணி டிரிப் இருக்கிறவங்க போய்க் கொஞ்ச நேரம் கண்ணை மூடுங்க. எஞ்சின் எவ்வளவு நம்பகமா இருந்தாலும், தூங்காத கண்ணை நம்பி வண்டி எடுக்கக் கூடாது.